கிரானைட் வாசலில் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்தவரின் அப்பாவை முழங்கால் சேற்றில் இறக்கியவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக வருத்தப்படுகிறேன் என்று என்னிடம் யாரும் எழுதி வாங்க முடியாது.

அப்போது நான் புவியியல் எம்.எஸ்சி. கடைசி வருஷம். எந்தத் தரை எவ்வளவு சுடும் என்பது என் ஆய்வு. குத்தாலம் பக்கத்து வயல், தரிசு, தார்ச்சாலை என்று ஒவ்வொன்றின் மேலும் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை நீட்டிக்கொண்டு அலைந்தேன். (கொரோனா மறுபடியும் வந்துவிட்டதா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.) ஈரமும் பச்சையும் இருக்கும் இடத்தில் வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கல்லுக்கு அந்த வழி இல்லை, சூடேறித்தான் ஆகவேண்டும். இவ்வளவுதான் விஷயம். அதை என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு தோரணையில் சொல்லித் திரிந்தேன்.

துபாயிலிருந்து வந்திருந்த சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார் மெச்ச வேண்டுமென்று வாசல் வேம்பை வெட்டி, மண்ணை மூடி, கேட்டிலிருந்து படிவரை கறுப்பு கிரானைட் பதித்தார்.

“சித்தப்பா, மே மாசத்துல இதுல கால் வைக்க முடியாது.”

“ஏன், உன் மெஷின் சொல்லுச்சா? போயி தலைல பூ வைக்கிற வழியப் பாரு.”

பகல் ஒரு மணிக்கு வந்தார்கள். மரியாதையாக, கேட் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். பாதி தூரத்தில் மாப்பிள்ளையின் அப்பா குதிக்க ஆரம்பித்தார். கூப்பிட்டால் காபித் தட்டோடு வர வேண்டிய நான், கூப்பிடாமலே வெப்பமானியோடு ஓடினேன்.

“அறுபத்தொண்ணு!” என்று கல்லைப் பார்த்துக் கத்தினேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. வாசலை ஒட்டி எங்கள் குறுவை நாற்றங்கால். அதைக் குறிபார்த்தேன். “முப்பத்திரண்டு! இந்தப் பக்கம் வாங்க மாமா!”

படித்த பெண் சொல்கிறாள் என்று நம்பி ஒரே தாவாகத் தாவினார். வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேற்றுக்குள் போனது. சூட்டை அளந்த மேதை ஆழத்தை அளக்கவில்லை.

“இப்ப எப்படி இருக்கு மாமா?” (ஆய்வாளர் அல்லவா!)

“குளுகுளுன்னுதாம்மா இருக்கு. யாராவது தூக்கி விடுங்க.”

சித்தப்பா சீறினார். “மன்னிப்புக் கேளுடி!”

“எதுக்கு? மரத்த வெட்டுனது நானா? கல்லப் போட்டது நானா?”

மாப்பிள்ளை கைக்குட்டை மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. எனக்குள்ளும் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அன்றைய அளவுகளை அப்படியே ஆய்வேட்டில் சேர்த்தேன்.

கிரானைட் இன்னும் இருக்கிறது. மே மாதம் பிறந்தால் அதன் சூட்டை அளந்து குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறேன். சித்தப்பா பார்ப்பார், பதில் போடமாட்டார். ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு வரன் வந்தபோது கேட்டில் கைகூப்பி நின்று, “செருப்போடவே உள்ள வாங்க!” என்று கெஞ்சியவர் அவர்தான். அவர்கள் திகைத்துப்போனார்கள், காரணம் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. இன்று என் புகுந்த வீட்டுக்கு யார் வந்தாலும், “செருப்போட வாங்க, எங்க வீட்ல அதான் மரியாதை!” என்று முதலில் கத்துவது என் மாமனார்.