வடக்கே பார்க்காத மனிதர்

வங்காள விரிகுடாவில் விழுந்த நம் நாட்டு ராக்கெட்டுகள் அத்தனைக்கும் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த ஒரே ஒரு மனிதர்தான் காரணம். விசாரணைக் குழுக்காரர்கள் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். எங்கள் தெருவுக்கு உண்மை தெரியும்.

அவரைக் கவுண்ட்டவுன் சார் என்போம். பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். நானும் அதே மின்சார ரயிலில்தான் வேலைக்குப் போவேன். கார்டு பச்சைக் கொடியை எடுத்ததுமே "பத்து, ஒன்பது" என்று முணுமுணுக்க ஆரம்பிப்பார். பூஜ்யம் வந்தும் ரயில் நகராவிட்டால், "அவ்வளவுதான், இந்த நாடு உருப்படாது" என்று பேப்பரைப் பிரிப்பார். அதில் விண்வெளிச் செய்தி மட்டும்தான் படிப்பார். நம் செயற்கைக்கோளை வெளிநாட்டு ராக்கெட்டில் கட்டணம் கட்டி அனுப்பிய செய்தி வந்த அன்று, கிண்டி வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம், "செங்கல்பட்டு பஸ்ல துண்டு போட்டு இடம் புடிக்கிற மாதிரி ஆயிடுச்சேப்பா நம்ம பொழப்பு" என்றார்.

மனிதருக்கு ஒரே ஒரு ஆசைதான். நம்முடைய ராக்கெட் ஒன்று ஒழுங்காக மேலே போவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் எங்கள் வீட்டு ஓனர் ஸ்டெல்லா டீச்சரின் மொட்டை மாடியிலிருந்து வடக்கே ஏவுதளம் இருக்கும் திசையில் மெல்லிய கோடு மாதிரி தெரியும் என்பார்கள். எண்பத்தேழில் லீவு போட்டுவிட்டு ஏறி நின்றார். விழுந்தது. அடுத்த வருஷமும் நின்றார். அதுவும் விழுந்தது. அதன்பின் ஒன்று கிளம்பிய அன்று, மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். அது ஜம்மென்று போய்விட்டது.

கணக்கு போட்டவர் இஸ்திரி வண்டி முனுசாமி. "இன்னா சார் இது? நீ பாத்தா வுழுது, பாக்காங்காட்டி போவுது. உன் கண்ணுலதான் இன்னாமோ கீது."

கவுண்ட்டவுன் சார் கோபப்படவில்லை. "எனக்கும் அப்படித்தான் தோணுதுப்பா" என்றார்.

அதற்குப் பிறகு ஆள் மாறிப்போனார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனால்கூடக் குனிந்துகொள்வார். தீபாவளிக்குத் தெருவில் பையன்கள் புட்டியில் ராக்கெட் செருகினால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். பார்க்கவே பாவமாக இருக்கும். சிரிப்பும் வரும்.

தொண்ணூற்று மூன்றில் ஸ்டெல்லா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "நான் சயின்ஸ் டீச்சர் சார். என் வீட்டு மாடியில இந்த ராசி கீசி எல்லாம் பேசக் கூடாது. வாங்க, வந்து நில்லுங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். வந்து நின்றார். எதுவும் சரியாகத் தெரியவில்லை. கீழே டிவியில் சேதி வந்தது. அதுவும் கடலில்.

அடுத்த வருஷம் ராக்கெட்டுக்கு நாள் குறித்ததும், அதே டீச்சர் மெதுவாக, "ஏன் சார், எங்கயாவது வெளியூர் போயிட்டு வரீங்களா? சும்மா, ஒரு சேஞ்சுக்கு" என்றார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனார். துணைக்கு நான். பிளாட்பாரத்தில் இரண்டு பக்கமும் உட்காரும்படி பெஞ்சு. தெற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார். நேரம் வந்ததும் கண்ணை இறுக மூடி எண்ண ஆரம்பித்தார். பூஜ்யத்துக்குப் பிறகும் திறக்கவில்லை. பக்கத்தில் முறுக்கு விற்றவர், "பெரியவருக்கு மயக்கமா சார்?" என்று கேட்டார்.

அரை மணி கழித்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து டீச்சருக்குப் போன் போட்டோம். அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு டீச்சர் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, "மாடியிலேர்ந்து தெரிஞ்சுதா டீச்சர்? என்ன கலரு?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்தவர் என்னிடம் திரும்பினார். முகமெல்லாம் ஈரம்.

"போயிடுச்சுப்பா. ஆரஞ்சு கலரு கோடாம். முனுசாமி விசிலடிச்சானாம். நல்லவேளை, நான் அங்க இல்ல."

அதற்கப்புறம் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் அவருக்கு அந்தப் பெஞ்சுதான். ரிட்டையர் ஆகிப் பொழிச்சலூர் போன பிறகும் விடவில்லை. கடைசி வரைக்கும் ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போதெல்லாம் தனியார் கம்பெனிகள் ராக்கெட் விடுகின்றன. போனிலேயே நேரடியாகப் பார்க்கலாம். சமயத்தில் நடுவானில் வெடித்துச் சிதறுகிறது. அதற்கும் அந்தக் கம்பெனிக்காரர்களே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், இதிலும் பாடம் இருக்கிறதாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வருகிறது. "விழுந்தா விழட்டும் சார், நீங்க வடக்குப் பக்கம் திரும்பிப் பாருங்க" என்று சொல்ல இப்போது வாய் வருகிறது. கேட்க அவர் இல்லை.