வீக்கான மாப்பிள்ளை

பலமில்லாததைக் குறிக்கிற இங்கிலீஷ் சொல்தான் 'வீக்'. ஆனால் நம் ஊரில் அத்தனை வேலையும் அதன் தலையில்தான். பையன் கணக்கில் வீக், பைக்கில் பேட்டரி வீக், புது வீட்டு அஸ்திவாரம் வீக், எதிர்வீட்டு அண்ணாத்தைக்குப் பிரியாணி ஒரு வீக்னெஸ். என் கல்யாணத்தையும் அது ஒருமுறை தூக்கிப் போட்டுப் பார்த்தது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம். மாமல்லபுரம் கடற்கரையில் கிடந்தேன். வெயில் தணிந்து, கடல் பாலில் கரைத்த நீலமாக இருந்தது. ஒவ்வொரு அலையும் சுகந்தி, சுகந்தி என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. (பெண் பார்க்கப் போன அன்று அவளிடம் நான் பேசியது "காப்பி நல்லாருந்துச்சு" மட்டும்.) அந்த மயக்கத்தில் போன். திருப்போரூரில் மனை விற்கும் அவள் அப்பா.

"மாப்ள, எப்டி கீறீங்க?" என்றார். லைனின் கரகரப்பில் எனக்கு "எப்டி கீது?" என்று விழுந்தது. போன் சிக்னலைத்தான் விசாரிக்கிறார்!

"ரொம்ப வீக்கா கீது மாமா."

"ஐயையோ! எத்தினி நாளா?"

"இந்தப் பக்கம் வந்தாலே இப்டித்தான். எழுந்து நின்னா வருது, உக்காந்தா போயிடுது."

"வூட்ல யாருக்குனா இப்டி கீதா?"

"எல்லாருக்கும்தான். அப்பா நெலம ரொம்ப மோசம். மொட்டமாடில கையத் தூக்கிகினு நிப்பாரு, பாவம்."

மாமா போனை வைத்துவிட்டார். சிக்னல் போய்க் கட்டாகிவிட்டது என்று நானும் அலைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை எங்கள் செங்கல்பட்டு வீட்டு வாசலில் ஆட்டோ. மாமனார், பிடிவாதமாகக் கூடவே வந்த சுகந்தி, நோயாளியைப் பார்க்க வாங்கின ஒரு பை சாத்துக்குடி.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி," என்றார் மாமனார், என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "பரம்பரை வியாதின்னு மாப்ளையே சொல்லிட்டாரு. இந்த சம்மந்தம் வாணாம்."

"வியாதியா? இன்னா வியாதி?" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

"சிக்னலச் சொன்னேன் மாமா!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வீரனாயிற்றே! மூலையில் இருந்த தண்ணீர் கேனை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினேன். ஒரு நொடி கேன் மேகம்போல் மிதந்தது. பிறகு கேனும் நானும் சாத்துக்குடிகளும் கூடம் முழுக்க உருண்டோம்.

தண்ணீரில் கிடந்த என்னைப் பார்த்துச் சுகந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அவரு சொன்னது சிக்னலத்தாம்பா," என்றாள். "ஆளும் வீக்குதான். பரவால்ல, கேன நான் தூக்கிக்கிறேன்."

நடந்தது கல்யாணம். இன்றும் மாமனார் போன் செய்தால் முதல் கேள்வி, "மாப்ள, டவர் எப்டி கீது?"

நன்றாக இருக்கிறது என்றதும் குரலைத் தாழ்த்துவார்.

"ஒடம்பு?"