கன்னி மூலையில் பதினோரடி

தென்காசி,
தாது வருஷம், ஆடி மாதம் 9-ந் தேதி

மகாராஜராஜஸ்ரீ அம்பாசமுத்திரம் சொரிமுத்துப் பிள்ளை அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை வடிவம்மாளின் புருஷன் மந்திரமூர்த்தி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் இவ்விடம் நானும் வடிவும் சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டும். இதில் அவ்விடத்துச் சுகம் மெய்யாயிருக்கட்டும். இவ்விடத்துச் சுகம் கடிதத்துக்காக எழுதுகிற சுகம்தான்.

தங்கள் கார்டு கிடைத்தது. புது வீட்டு விஷயத்தில் வடிவு சொல்லுகிறபடி கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகவும் என்று எழுதியிருந்தீர்கள். மாட்டேன். அத்தான் மேல் எனக்குள்ள மரியாதை ஒரு இம்மியும் குறையாமல், மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுகிறீர்களே, நான் இதுவரை எத்தனை அடி விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று தங்கள் தங்கை எழுதினாளா? எழுதியிருக்க மாட்டாள். ஐந்தடி விட்டிருக்கிறேன்.

சர்க்கார் சர்வேயில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்தவன் நான். சங்கரன்கோவில் கரிசலிலும் செங்கோட்டை வரப்பிலும் நான் நட்ட கல்லை ஒருவன் அசைத்ததில்லை. அண்ணன் தம்பி அரிவாளோடு நின்ற வயலில்கூட நான் கோடு போட்ட பிறகு இரண்டு பேரும் அவரவர் பக்கம் போய்விட்டார்கள். அந்த முப்பத்தோரு வருஷமும் கூடாரத்திலும் சாவடியிலும் கிராம முன்சீப்பு வீட்டு மாட்டுக்கொட்டில் பக்கத்திலும் படுத்தவன், பென்ஷன் வாங்கின பிறகு எனக்கென்று ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, உள்ளே என் நாற்காலி, என் சர்வே படப்பெட்டி, மேற்கே மலையைப் பார்க்க ஒரு ஜன்னல், இவ்வளவுதான் கேட்டேன். குற்றாலம் ரோட்டில் மனை வாங்கினதே அந்த ஜன்னலுக்காகத்தான். பிளான் நானே போட்டேன். தெற்குப் பக்கம் முழுக்க மூன்று அறை. சாஸ்திரப்படி கிழக்கு ஓரத்து அக்கினி மூலையில் சமையலறை, நடுவில் சாமான் வைக்க அரங்கு, மேற்கு ஓரத்துக் கன்னி மூலையில் வீட்டுத் தலைவனாகிய எனக்குப் பதினோரடி அகலத்தில் அறை. இதில் சாஸ்திரத்துக்கும் குறையில்லை, சர்வேக்கும் குறையில்லை.

ஆவணி ஆறாம் தேதி வாஸ்து நாளில் மனை போடுவதாக ஏற்பாடு. கொத்தனார் பேச்சிமுத்து, "ஆடி போகட்டும் ஐயா, பெறவு கோடு போடுவோம். சாரல் காலத்துல சுண்ணாம்பு நிக்காது" என்றான். நான் கேட்கவில்லை. ஆனி கடைசியிலேயே முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வீடு முழுவதையும் தரையில் போட்டுவிட்டேன். பார்க்க அச்சடித்தது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் செங்கோட்டைக் கணவாய்க் காற்று கயிற்றையும் முளையையும் வாரிக்கொண்டு போயிற்று, பின்னாலேயே வந்த சாரல் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. எனக்கோ குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளுகிறது. இங்கேதான் அத்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். தினமும் வாசலில் நூல் பிடித்தாற்போல் கோலம் போடுகிறவள்தானே என்று, பழைய தடத்தின் மேலேயே கோட்டை இழுக்கும்படி உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். கோடு நேராகத்தான் இருந்தது, அதில் குற்றம் சொல்ல முடியாது. அளந்து பார்த்தால் என் அறை ஒன்பதடி. சமையலறையும் அரங்கும் ஒட்டிக்கொண்டு மேற்கே இரண்டடி நகர்ந்திருந்தன.

பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தாடையைச் சொறிந்துகொண்டு, "ஒம்பதடி ஆகாதுல்லா ஐயா. மனையடியில ஒம்பது ஆயுசுக்குக் கொறை. வேணும்னா எட்டு வச்சிருவோம், எட்டு ராசியான அடி" என்றான். "பதினொண்ணும் ராசியான அடிதானலே, திரும்பப் பதினொண்ணு வச்சா என்ன?" என்று கேட்டேன். "அம்மா கையால போட்ட கோட்டைக் கொறைக்கதா? நல்லாருக்காதுய்யா" என்கிறான். கூலி கொடுப்பது நான். அவனுக்கு வேளாவேளைக்கு மோரும் ஊறுகாயும் கொடுப்பது அவள். எட்டடி ஆயிற்று.

இந்தச் சமயம் பார்த்துத்தானா அருவியில் தண்ணீர் நிறைய விழ வேண்டும்? தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி ஆடியில் எத்தனை சொந்தம் என்பது தங்களுக்குத் தெரியும், தாங்களும் வருஷம் தவறாமல் வருகிறவர்கள்தானே. இந்தத் தடவை முதலில் வந்து இறங்கியது பிச்சுமணி மாமா, கூட ஆறு உருப்படி. காலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறது, பசியோடு வந்து உட்காருகிறது, இட்லி ஆவதற்குள் மத்தியானச் சோற்றுக்கு அடுப்பில் உலை கொதிக்கிறது, மறுபடி அருவி. போகிற வழியில் என் மனையில் இறங்கி, ஈரத்தலையோடு கோட்டுக்குள் நடந்து அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். மாமா என் அறையில் தரையோடு தரையாகப் படுத்தே பார்த்துவிட்டார். "ஏ மருமகனே, ஒத்தை ஆளுக்கு எதுக்கு எட்டடி? ஆறு போதும். அங்கன ரெண்டடி விட்டேன்னா குளிச்சிட்டு வாறவங்க ஈரத்துணி காயப்போட ஆகும்லா" என்றார். அன்று சாயங்காலச் சாரலில் கோடு அழிந்தது. மறுநாள் வடிவு போட்டாள். ஆறடி.

அன்றைக்குத்தான் எனக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டான். பொடி போட்டால்தானே கரையும், கல்லை நட்டால்? ஒரு முழ நீளத்தில் கருங்கல் ஒன்று கொண்டுவந்து, சங்கிலி போட்டு அளந்து, சரியாகப் பதினோரடியில், சுவர் வரவேண்டிய இடத்தில், பாதி புதைய நட்டேன். இரண்டு நாள் இடுப்பு வலியில் மனைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனால் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறது. அரளி மாலை போட்டிருக்கிறது. முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், உடைத்த தேங்காய் ஒரு மூடி. அருவிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இது நான் நட்ட எல்லைக்கல் என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, துடியான மாடன்" என்றார். நட்டு மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் துடி. பேச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்றுகொண்டு, "சாமி மேல சொவரு வைக்க முடியாதுய்யா. ஒரு அஞ்சடி தள்ளிரணும்" என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேற்குப் பக்கமாம். கல்லை நடுவதற்கு முன்னும் என் அறை ஆறடி, நட்ட பின்னும் ஆறடி.

வடிவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். "உனக்கு என்ன வேணும்? அடுப்படி பெருசா வேணுமா? கெழக்க எவ்வளவு எடம் கெடக்கு, அங்கன இழுத்துக்கோ." "பெருசா ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "பெறகு ஏன் மேற்க மேற்க வாற?" உலை பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். முப்பத்து மூன்று வருஷமாக எந்தக் கேள்வி கேட்டாலும் அவளுக்கு உலை பொங்கிவிடுகிறது.

ஆகையால் அத்தான் அவர்களுக்குத் தீர்மானமாக எழுதுகிறேன். ஆறடி இடம் எல்லோருக்கும் கடைசியில் சும்மாவே கிடைக்கும், அதற்காக நான் வீடு கட்ட வேண்டியதில்லை. ஆவணி ஆறாம் தேதி நானே கயிறு பிடித்துப் பதினோரடிக்குச் சுவர் எடுப்பேன். மாடன் வந்தாலும் சரி, மனையடி சாஸ்திரம் வந்தாலும் சரி, பிச்சுமணி மாமா ஈரத்துணியோடு வந்து குறுக்கே படுத்தாலும் சரி, என் கன்னி மூலையை விட மாட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து தாங்களே வந்து பஞ்சாயத்துப் பேசினாலும் இதே பதில்தான். இதை வடிவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப் போகிறேன். எனக்கு யாரிடமும் பயமில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். ஆய்க்குடி முருகன் தங்கள் குடும்பத்துக்குச் சகல சம்பத்தும், எனக்கு ஒரு கதவும் அருளட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத
சி. மந்திரமூர்த்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கடைசியாக ஒரு தடவை அளந்துவிட்டு வருவோம் என்று மத்தியானம் மனைக்குப் போனேன். வடிவு அங்கே இருந்தாள். விருந்தாட்கள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில் வந்திருக்கிறாள். என் ஆறடிக்குள், என் ஜன்னல் வரவேண்டிய இடத்தில், ஈர மண்ணில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கோலப்பொடி டப்பா.

"இங்கன என்ன பண்ணுத?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அருவி தெரியுதான்னு பாத்தேன்."

"தெரியுதா?"

"மேல் பாதி தெரியுது. வெள்ளையா, கோடு மாதிரி."

அவளே சொன்னாள். "வருசா வருசம் குளிக்க வாறவங்களுக்கு ஆக்கிப் போட்டே சீசன் போயிருது. இப்ப இருக்க வீட்டு அடுப்படியில ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சொவரு. நான் அருவியைப் பாத்துப் பதினாலு வருசம் ஆச்சு. நம்ம சின்ன மக கல்யாணத்துக்கு முன்னால பாத்தது."

"இதை வாயைத் தொறந்து கேட்டா என்ன?"

"அக்கினி மூலையில இருக்க வேண்டிய அடுப்பை இங்கன வைங்கன்னு எப்படிக் கேக்க? அதான் கொஞ்சங்கொஞ்சமா வந்தேன்."

அத்தான், ஊரார் எல்லையெல்லாம் அளந்தவனுக்குத் தன் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இல்லை என்பது தெரியாமல் போயிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. அங்கேயே டப்பாவை வாங்கி, இடுப்பு வலியோடு குனிந்து நானே கோடு போட்டுவிட்டேன். கன்னி மூலையில் சமையலறை, அகலம் பதினோரடி, மேற்கே ஜன்னல். கோடு கொஞ்சம் கோணல். எனக்கு அறை கிடையாது. என் நாற்காலியை அந்த ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கல் நட்ட இடத்திலேயே இருக்கட்டும், சுவரில் ஒரு மாடம் விட்டுவிடலாம், அதற்கு அவளே விளக்கு வைத்துக்கொள்ளுகிறாளாம். அடுப்பு கன்னி மூலையில் இருக்கக் கூடாது என்று பேச்சிமுத்து சொன்னாலும், சாஸ்திரம் சொன்னாலும், தாங்களே கார்டு எழுதினாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு குளிக்க வருவதாக எழுதியிருந்தீர்கள். அவசியம் வாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், பிச்சுமணி மாமாவுக்கும் சேர்த்து. வீடு பூட்டியிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அருவிக்குப் போகிறோம்.