உறுப்பினர் இருபத்தைந்தின் வயிறு

ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதை ஒரு பூனையின் குடல்வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை, மொண்டேவிடேயோ நகரத்துச் செர்ரோ பகுதியில் உள்ள 'உறுதியான விடியல்' வீட்டுக் கூட்டுறவையே சேரும். இதில் வேறு யாரும் பங்கு கேட்க முடியாது.

இருபத்துநான்கு குடும்பங்கள். முப்பது வருஷத்துக்கு முன் தாங்களே செங்கல் சுமந்து, தாங்களே சாந்து குழைத்துக் கட்டிய வீடுகள். அந்தப் பழக்கம் விடவில்லை. அங்கே எதையும் யாரும் தனியாகச் செய்வதில்லை. வாசல் கேட்டுக்கு வண்ணம் பூச வேண்டுமென்றால் பேரவை கூடும். எந்த வண்ணம் என்று ஆராயக் கமிஷன் அமையும். கேட் துருப்பிடித்து விழுந்ததும் கமிஷன் அறிக்கை தரும். அறிக்கை கைதட்டலோடு ஏற்கப்படும்.

இந்தப் பேரவையின் குறிப்புச் செயலாளர் நீபியா. வயது இருபத்தெட்டு. கூட்டத்தில் வாயே திறக்காதவள் என்பதால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். மூன்று வருஷமாக, மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

பொதுக்கூடத்து எலிகள் ஆண்டுவிழாத் தோரணங்களைத் தின்று முடித்துவிட்டு பிங்கோ அட்டைகளுக்கு வந்தபோது, ஒரு பூனையைத் தத்தெடுப்பதென்று தீர்மானமாயிற்று. மஞ்சள்-கறுப்பு ஒரு கால்பந்துக் கட்சிக்குச் சொந்தம், வெள்ளை-நீலம் இன்னொன்றுக்கு. ஆகவே பூனை சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தமும் சேர்ந்தது. காப்பகத்துக்குப் போய்வர நீபியாவை அனுப்பினார்கள்.

சாம்பல் நிறத்தில் அங்கே ஒன்றுதான் இருந்தது. ஆறு வயது, ஒரு காது கிழிந்தது.

"இது ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சும்மா," என்றாள் காப்பகத்துப் பெண். "மூணாவது தடவையும் வந்தா அப்புறம் இதை யாரும் எடுக்க மாட்டாங்க. கூண்டோட சரி."

பேருந்தில் வரும்போது பூனை கூடைக் கம்பி வழியே ஒரு காலை நீட்டி நீபியாவின் விரல்மேல் வைத்துக்கொண்டது. வீடு வரும்வரை எடுக்கவில்லை. அதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் பூனை முடி பட்டாலே அவள் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும்.

பெயர் வைக்க இருபத்துநான்கு யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. ஆகவே பூனை 'உறுப்பினர் 25' என்று பதிவாயிற்று. நீபியா மட்டும் யாருக்கும் கேட்காமல் பெலூசா என்று கூப்பிட்டாள்.

அடுத்து, சோறு. எந்த வீடு போடுவது?

"எல்லா வீடும்," என்றார் தலைவர் லீபெர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பின்வரிசைவரை கேட்கிற குரல். "ஒரு நாளைக்கு ஒரு வீடு. முறை வெச்சுப் போடுவோம். ஒருத்தர் போட்டா அது ஒருத்தரோட பூனை. எல்லாரும் போட்டாத்தான் நம்ம பூனை."

இருபத்துநான்கு கைகள் உயர்ந்தன. கூட்டிச் சுத்தம் செய்கிற முறையையும் வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

முதல் நாள் ஏழாம் வீட்டு டோரிலா ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி போட்டாள். இரண்டாம் நாள் வெங்காயம் போட்ட பூசணிக் குழம்பு. மூன்றாம் நாள் மழை. மழை பெய்தால் செர்ரோவில் மாவுரொட்டி பொரிக்காத வீடு கிடையாது. நான்காம் நாள் இருபத்தொன்பதாம் தேதி. மாதாமாதம் அன்றைக்கு ஊரே வழக்கப்படி 'ஞோக்கி' என்கிற உருளைக்கிழங்கு உருண்டை தின்னும்போது பூனை மட்டும் பட்டினி கிடக்கலாமா? ஐந்தாம் நாள் பால். ஆறாம் நாள், பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சிய இனிப்பு, ஒரு கரண்டி நிறைய.

ஏழாம் நாள் காலையில் நீபியா பொதுக்கூடத்தைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள். பிறகு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வாளியும் துடைப்பமுமாக உள்ளே போனாள். மணல் பெட்டிவரை போய்ச் சேர பெலூசாவால் முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு யாரோ செய்த வேலை என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூனையையும், மூடிபோட்ட டப்பாவில் அதன் கழிவு மாதிரியையும் எடுத்துக்கொண்டு நீபியா கால்நடை மருத்துவர் ஃபிரான்சினியம்மாவிடம் ஓடினாள்.

"புழு இல்ல," என்றார் டாக்டர். "என்ன குடுத்தீங்க?"

நீபியா பட்டியலைப் படித்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வெங்காயமா? பூனைக்கு அது விஷம்மா. நல்லவேளை, ரத்தத்துல ஒண்ணும் தெரியல. கல்யாண வீட்டு விருந்தாளிக்கே இவ்வளவு போட மாட்டாங்க. புது இடம், புது முகம், இதுல தினம் ஒரு சமையல் வேற. காப்பகத்துல தின்ன அதே உலர்தீனிதான் வேணும். கொஞ்சம் கொஞ்சமா, நாலு வேளையா பிரிச்சு. தண்ணி எப்பவும் இருக்கணும். பால் கூடாது. பட்டினியும் போடாதே. ஒரே தட்டு, ஒரே இடம், ஒரே ஆள். பத்து நாள்ல சரியாயிடும். ரத்தம் வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சுருண்டு படுத்தாலோ காத்திருக்காதே, உடனே தூக்கிட்டு வா."

அன்றைக்கே அவசரப் பேரவை கூடியது. நீபியா டாக்டரின் சீட்டை நீட்ட, தலைவர் உரக்கப் படித்தார். வெங்காயம் என்ற இடத்தில் எல்லோரும் இரண்டாம் நாள் வீட்டைப் பார்த்தார்கள். 'ஒரே ஆள்' என்ற இடத்தில் கூடம் கொதித்தது.

"ஒரே ஆளா?" என்றார் லீபெர். "ஒரே ஆள் சொல்றதுதான் சட்டம்னு இருந்த காலத்தை இந்த நாடு பார்த்தாச்சு தோழர்களே. திரும்ப வேண்டாம்."

"டாக்டரம்மா பூனை வயித்தைப் பத்திச் சொல்லியிருக்காங்க," என்றாள் ஒருத்தி.

"அப்படித்தான் ஆரம்பிக்கும்," என்றார் பதினான்காம் வீட்டு எல்பியோ. விதிப்புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்.

பிறகு வைத்தியத்துக்கு வந்தார்கள். புனித வெள்ளியன்று சூரியன் உதிக்குமுன் பறித்த மர்செலாப் பூக் கசாயம் என்றாள் டோரிலா. சீமை மாதுளை அல்வா என்றார் எல்பியோ. சோற்றுக் கஞ்சி, கருகிய ரொட்டி, கறுப்புத் தேநீர், வாழைப்பழம் என்று பட்டியல் நீண்டது. எதையும் ஒதுக்குவது ஒரு வீட்டை ஒதுக்குவதாகும். ஆகவே இருபத்துநான்கு வைத்தியமும் முறை வைத்து, நாளுக்கு ஒன்றாகத் தரப்படும் என்று தீர்மானமாயிற்று. ஒரு இணைப்பும் உண்டு: வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, முப்பதாம் ஆண்டு விருந்து இதே கூடத்தில். அதற்குள் உறுப்பினர் 25 'கெட்டிப்படாவிட்டால்' காப்பகத்துக்கே திருப்பி அனுப்பப்படும்.

நீபியாவின் பேனா நின்றது. இருபத்துநான்கு வைத்தியத்தில் ஒன்றிலிருந்துகூடப் பெலூசா மீளாது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து சொல்ல வேண்டும். எழுந்தாள். இருபத்துநான்கு வீட்டு முகங்கள் திரும்பின. ஜன்னலைச் சாத்த எழுந்தவள் போலச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"விதி பத்தொன்பது," என்றார் எல்பியோ கலையும்போது. "கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்துல படிச்சு ஏத்துக்கிட்ட பிறகுதான் தீர்மானம் அமலுக்கு வரும். அதுவரைக்கும் பூனை செயலாளர் பொறுப்பு. புதுசா எதுவும் கூடாது. காப்பகத்துல ஏற்கெனவே தின்னதைத்தான் திங்கணும்."

நீபியா வீட்டுக்குப் போய்க் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். எப்போதும் 'பயனுள்ள கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று ஒரு வரி எழுதுவாள். அன்றைக்கு, மூன்று வருஷத்தில் முதல் முறையாக, நடந்ததை எழுதினாள்.

வியாழக்கிழமை அதைப் படித்தாள். குரல் நடுங்கியது. எழுத்து நடுங்கவில்லை.

"'டோரிலா: என் கசாயம் குடிச்சுத்தான் என் வீட்டுக்காரர் வயிறு சரியாச்சு. எல்பியோ: அவர் செத்தே போயிட்டாரே. டோரிலா: வயிறு சரியாகித்தான் செத்தார்.'"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றாள் டோரிலா.

"சொன்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றார் எல்பியோ.

"நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா தூங்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க."

"இதையும் குறிப்புல சேர்க்கணும்."

சேர்த்தாள். குறிப்பு ஏற்கப்படவில்லை. சனிக்கிழமை, திருத்திய குறிப்பையும் அதைப் பற்றிய சண்டையின் குறிப்பையும் சேர்த்துப் படித்தாள். 'ஒரே ஆள் கூடாது' என்று தலைவர் பதினொரு முறை சொன்னதும், அவ்வளவு நேரமும் வேறு யாரையும் பேசவிடாததும் அதில் இருந்தன. லீபெர் தண்ணீர் குடித்தார். திங்கள், புதன், வெள்ளி என்று பேரவை கூடியது. 'உறுதியான விடியல்' வரலாற்றில் இவ்வளவு சுறுசுறுப்பான காலம் இருந்ததில்லை. குறிப்பு எட்டுப் பக்கத்திலிருந்து நாற்பது பக்கமாக வளர்ந்தது. யாரும் தான் பேசியதை ஏற்கவில்லை. மற்றவர் பேசியதை எல்லோரும் ஏற்றார்கள்.

அந்த நாட்களெல்லாம் பெலூசா ஒரே தட்டில், ஒரே மூலையில், ஒரே கையிலிருந்து, காப்பகத்து உலர்தீனியைத் தின்றது. தினம் நாலு வேளை. ஜன சக்தி முழுவதும் குறிப்புச் சண்டையில் முடங்கிக் கிடக்க, வயிறு தன் வேலையைப் பார்த்தது. நீபியா காலையில் மணல் பெட்டியைப் பார்த்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள்: கூழ். ஆறாம் நாள்: களி. பத்தாம் நாள் அந்த நோட்டில் எழுதியதைப் படித்தபோது அவளுக்கே கண் கலங்கியது: கொழுக்கட்டை. அன்று மாலை கூடத்தின் நடுவில் ஒரு எலியும் கிடந்தது, அன்பளிப்பாக.

விருந்துக்கு முந்தின நாள் பேரவையில் லீபெர் எழுந்தார்.

"தோழர்களே, பூனை பிழைச்சாச்சு. எப்படிப் பிழைச்சுது? நாம எல்லாரும் சேர்ந்து, விடாம, கூட்டம் கூட்டமாக் கூடினதால பிழைச்சுது. ஒரு தகடு அடிச்சு வாசல்ல மாட்டணும்."

கைதட்டல்.

"அப்ப திங்கள்கிழமையிலேர்ந்து முறையை ஆரம்பிச்சுடலாம்," என்றாள் டோரிலா. "முதல் முறை எங்க வீடு. பாவம், பத்து நாளா காய்ஞ்ச தீனி. நல்லா பொரிச்சுப் போடறேன்."

நீபியா எழுந்தாள். இந்த முறை ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது.

"ஒரு திருத்தம்," என்றாள். "இன்னிக்கு எந்த வீடு போடுதோ, மறுநாள் காலைல அந்த வீடே வந்து கூட்டித் துடைக்கணும்."

அவளுக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்பியோ விதிப்புத்தகத்தைப் புரட்டினார். திருத்தத்தில் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. "திருத்தத்தோட தீர்மானம் வாக்குக்கு வருது. ஆதரவா கை தூக்குங்க."

செங்கல் சுமந்த கைகள், சாந்து குழைத்த கைகள். எல்லாம் மடியிலேயே இருந்தன.

"எனக்கு முட்டி வலி," என்றாள் டோரிலா. "பாவம், அது பாட்டுக்குப் பழகின தீனியைத் திங்கட்டும். இதுக்கெல்லாம் ஒரு முறையா?"

"ஒரே ஆள் பார்த்தா என்ன குறைஞ்சுடப் போகுது," என்றார் லீபெர்.

இவ்வாறாக உறுப்பினர் 25 நிரந்தரமாக்கப்பட்டார். தகடும் வந்தது: 'கூட்டு முயற்சியின் வெற்றி.'

அடுத்த கூட்டத்தில் நீபியா குறிப்பைப் படித்தாள். விருந்தில் மிஞ்சிய கேக் சுற்றி வந்துகொண்டிருந்தது. மாத்தே கைமாறியது. சண்டை போட ஒன்றும் இல்லாததால் யாரும் கேட்கவில்லை. கடைசி வரியை அவள் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் நிதானமாகவே படித்தாள்:

"உறுப்பினர் 25 இப்போது மணல் பெட்டிக்குத் தானே போகிறது. இக்கூட்டுறவின் முப்பதாண்டு வரலாற்றில், தான் கழித்ததைத் தானே மூடிச் சுத்தம் செய்யும் முதல் உறுப்பினர் என்பது இங்கே பதிவு செய்யப்படுகிறது."

"எல்லாரும் ஏத்துக்கறோமா?" என்றார் தலைவர், கேக்கை மென்றுகொண்டே.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒருமனதாக ஏற்கப்பட்டது.