அமெரிக்க வானொலி சொன்னதும் நான் சொன்னதும்

786

தாமுவே, யாங்கோன்
14 ஜூலை 1994, வியாழன்

அன்பு மருமகன் சர்ஃபராஸுக்கு, மாமா சாதிக் பாட்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி நூருன்னிசாவும் என் இரத்த அழுத்தமும் இறைவன் கருணையால் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம். நியூஜெர்சியில் நீயும் ஸமீராவும் குழந்தைகளும் அதைவிட நன்றாக இருக்க துஆச் செய்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் வழியில் வேறு எவரேனும் கடமை கருதிப் பிரித்து வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் என் ஸலாம். இதில் கால்பந்தைத் தவிர வேறு விஷயம் எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன்னால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நீ எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். ஒருவேளை தெரியாது என்று நீ கருதினால் அதையும் மறைக்காமல் எழுது. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் ஆங்கிலக் கடிதப் பிரிவில் இருந்தவன் இப்படிக் கேட்கலாமா என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் சென்ற ஒரு மாதமாக நடப்பவற்றைப் பார்த்தால் அந்த முப்பத்தோரு வருஷமும் நான் எழுதிய கடிதங்களை எவரும் வாசிக்கவில்லையோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் உலகக் கோப்பை நடக்கிறது. இங்கே தொலைக்காட்சியிலும் காட்டுகிறார்கள். ஆனால் தாமுவேயில் ஆட்டமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகவே சந்தை முனையில் டீக்கடை வைத்திருக்கும் சின்னத்தம்பி, பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி ஒன்றைக் கடையில் வைத்து, காலை ஆறரை மணிக்கு ஆங்கிலத்தில் வரும் அமெரிக்க வானொலியைத் திருப்புகிறார். லண்டன் வானொலி இதைவிடத் தெளிவாகக் கேட்கிறதே என்று நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். "கல்யாணம் அமெரிக்காவுல நடக்குது சயா. கல்யாண வீட்டுக்காரன்கிட்ட கேக்காம பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயா கேப்பாங்க?" என்றார். நான் யாருக்கும் பாடம் நடத்தியவன் இல்லை என்றாலும் எல்லோரும் என்னை வாத்தியார் ஸ்தானத்தில் வைத்து சயா என்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த மரியாதையினால்தான் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குக் கொடுத்து, சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பதினோரு பேர் வருவார்கள். விளையாட்டுக்கு முன்னால் வரும் உலகச் செய்தியின்போது சின்னத்தம்பி ஒலியை முழுவதும் குறைத்துவிடுவார். நாங்களும் எங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

முதல் நாள் அந்த அறிவிப்பாளர் மைதானத்தில் எத்தனை பேர் அமரலாம், கார்களை எங்கே நிறுத்தலாம், வெயில் எத்தனை டிகிரி என்றெல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். பிறகு, பந்தை வலைக்குள் சேர்த்தால் ஒரு கோல், ஆட்டக்காரர்கள் கையால் தொடக் கூடாது, கோல்கீப்பர் மட்டும் தொடலாம் என்றார். அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். சின்னத்தம்பி டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"இத யாருக்குச் சொல்றாங்க சயா?"

"கேட்கிறவர்களுக்கு."

"கேக்குறது நாமதானே?"

"ஆமாம்."

"கோலி கையால பிடிக்கலாம்னு நமக்குச் சொல்றாங்க. இந்தக் கடையில உக்காந்து. நமக்கு."

நான் சொல்லவில்லை, பெட்டிதான் சொன்னது என்று விளக்கினேன். எல்லோரும் பெட்டியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார்கள். மறுநாள் அந்த அறிவிப்பாளர், இந்த விளையாட்டில் இரு தரப்பும் சமமாக முடித்துவிட்டு முடிவு தெரியாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்களே என்று வருத்தப்பட்டு, தங்கள் நாட்டு பேஸ்பால் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். அதைக் கட்டையால் பந்தடிக்கும் ஆட்டம் என்று மொழிபெயர்த்தேன். இடையில் கிரிக்கெட் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்க, சயா தூங்கிட்டார் என்று இன்னொருவர் சொல்ல, நான் தூங்கவில்லை என்று நிரூபிப்பதற்குள் செய்தி முடிந்து பாட்டு வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜூன் 29ஆம் தேதி காலை. உனக்கு நினைவிருக்கும், ஒரு பிரிவில் மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நான்குக்கும் ஒரே புள்ளிகள். அறிவிப்பாளர் அதை விளக்க ஆரம்பித்துத் தாமே குழம்பி மறுபடி ஆரம்பித்தார். நானும் மெக்சிகோவுக்கு நான்கு புள்ளி என்றேன். அயர்லாந்துக்கு நான்கு புள்ளி என்றேன். இத்தாலிக்கு நான்கு புள்ளி என்றபோது கோ மியிண்ட், அவர் பர்மாக்காரர், பஸ் கண்டக்டர், தமிழ் நன்றாகப் புரியும், எழுந்துவந்து என் தோளைத் தட்டி, "சயா, தண்ணி குடிங்க" என்றார். நார்வேக்கு நான்கு புள்ளி என்பதை நான் சொல்லவே இல்லை. இன்றுவரை அது என் மனதில் உறுத்துகிறது.

அப்போதுதான் அப்துல் பாரி எழுந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்டிமோர் துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றவர் என்பதால் அமெரிக்கா சம்பந்தமாக அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. "சயா படிச்ச இங்கிலீஷ் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ். இவனுங்க பேசுறது வேற. தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளி உட்கார்ந்தேன். அயர்லாந்து, நார்வே ஆட்டம் பற்றிச் செய்தி தொடர்ந்தது. எந்தத் தரப்பும் கோல் போடவில்லை என்று அறிவிப்பாளர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்துல் பாரி நாற்காலியின் நுனிக்கு வந்து, "மூலையில இருந்து ஏத்துறான்யா, ஏத்துறான், நார்வேக்காரன் ஒருத்தன் மலை மாதிரி வர்றான், தலையால ஒரே மோது" என்று சொல்லி, மூன்று நிமிடத்தில் ஏழு கோல் போட்டார். கடை அதிர்ந்தது. ஒருவர் எனக்குக் கை கொடுத்தார், ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் அரசாங்கப் பத்திரிகையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று வந்தது. நான் அதை மடித்துக்கொண்டு போய்ச் சின்னத்தம்பியிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பேப்பர்லயா போட்டிருக்கான்? அப்ப பாரி சொன்னதுதான் நிசம்" என்றார். இந்தக் கருத்து அவருடையது. வழியில் வாசிப்பவர்கள் கவனிக்கவும், என்னுடையது அல்ல.

இதன்பின் வானொலியின் மேல் இருந்த கோபமும் என் மேல் இருந்த கோபமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்கலாம் என்று நானே ஒரு காரியம் செய்தேன். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். ஐந்து பேர், அமெரிக்க வானொலிக்குப் பந்து தெரியாது என்றார்கள். மூன்று பேர், தெரியும், ஆனால் பிடிக்காது, விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுச் சமையலறையில் நின்று முணுமுணுப்பது போலப் பேசுகிறார்கள் என்றார்கள். இரண்டு பேர் வானொலி ரொம்ப நல்ல வானொலி, மொழிபெயர்க்கிறவர்தான் சரியில்லை என்று என்னிடமே சொல்லி, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். கோ மியிண்ட் இந்த வருஷம் டீயில் பால் குறைந்துவிட்டது என்றார். அதை நீக்கும்படி சின்னத்தம்பி கேட்டார். ஆனால் ஒருவர் கருத்தை எப்படி நீக்குவது என்று புரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அந்தத் தாள்களை ஆங்கிலப்படுத்தி இத்துடன் வைத்துள்ளேன். அந்த வானொலி நிலையம் உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. போகிற வழியாக இருந்தால் விளையாட்டுப் பிரிவில் கொடுத்துவிடு. அதட்டிக் கொடுக்காதே.

வீட்டில் உன் மாமியிடம் யோசனை கேட்டேன். "அவங்க பந்து கேக்குறாங்க, நீங்க கார் நிறுத்துற இடம் சொல்றீங்க" என்றாள். பெட்டி அப்படித்தானே சொல்கிறது என்றேன். "பெட்டி சொல்றத அப்படியே சொல்றதுக்குத்தான் பெட்டியே இருக்கே" என்றாள். பழைய அகராதியை எடுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒருமுறை பார்த்தேன். நான் நினைத்த அர்த்தமேதான் இருந்தது. அகராதியும் வெள்ளைக்காரன் காலத்தது.

இப்போது கடையில் ஒரு தீர்மானம் ஆகியிருக்கிறது. வரும் திங்கள் காலை இறுதி ஆட்டச் செய்தி. அதை நான் சொல்லலாமாம். அதுவும் கார், வெயில் என்று போனால் அன்றோடு நாற்காலி நிரந்தரமாக அப்துல் பாரிக்கு. உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஓய்வு பெற்றபின் இந்த ஊரில் யாரும் என்னிடம் ஒன்று கேட்டு, நான் சொல்லும்வரை காத்திருந்த இடம் அந்த நாற்காலி ஒன்றுதான். உன் பதில் இறுதி ஆட்டத்துக்குப் பல வாரம் கழித்தே வரும் என்று எனக்குத் தெரியும். நாற்காலி போனாலும் போகட்டும். நான் இல்லாததைச் சொல்லவில்லை, இருந்ததைத்தான் சொன்னேன் என்று நீ அந்த வானொலிக்காரர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதினால், அதைச் சின்னத்தம்பியிடம் காட்டிவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்காருவேன். பொய் சொன்னவன் என்ற பெயரோடு மட்டும் உட்கார முடியாது.

உன் தாயார் சுல்தான் பீவியைக் கியாக்தானில் போன வாரம் பார்த்தேன், முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன் மேல் உள்ள வருத்தம் குறையவில்லை, கடிதம் போடு. குழந்தைகள் தீர்க்காயுசுடன் கல்வியும் ஈமானும் பெற்று, முடிந்தால் கொஞ்சம் தமிழும் பெற்று வாழ துஆச் செய்யும்,

மாமா
சாதிக் பாட்சா

பின்குறிப்பு: 18 ஜூலை, திங்கள். உள்ளே வைத்த தாள்களில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை தகரக் கூரையில் அப்படி ஒரு மழை. பெட்டியில் காதை ஒட்டி வைத்துக்கொண்ட எனக்கு மட்டும்தான் கேட்டது. கடும் வெயில், இரண்டு மணி நேரம் ஆடியும் கோல் இல்லை, பெனால்டியில் பிரேசில் வென்றது, கடைசி இத்தாலிக்காரர் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார் என்று நான்கு வாக்கியம் வந்தது. அத்தோடு பேட்டரி தீர்ந்துவிட்டது. நிமிர்ந்தால் பதினோரு முகங்கள். பெட்டி நின்றுவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பத்தாவது நிமிடம், பிரேசில் இடது பக்கமாக ஏறுகிறது" என்று வந்துவிட்டது. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அரை மணி நேரம், மருமகனே. இத்தாலிக் கோலி கையுறையைக் கழற்றி வியர்வையைப் பிழிந்தார். கம்பத்தில் பட்டு மூன்று பந்து திரும்பியது. அந்தக் கடைசி ஆள் பந்தை வைத்துவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தபோது கோ மியிண்ட் அழுதார். அவருடைய பஸ்ஸும் போய்விட்டது. சின்னத்தம்பியின் பால் பொங்கி அடுப்பே அணைந்தது. "கத்துக்கிட்டான் சயா. அமெரிக்காக்காரன் ஒரே மாசத்துல பந்து கத்துக்கிட்டான்" என்றார். அப்துல் பாரி மட்டும் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் குடையை விரிக்கும்போது என் பக்கம் சாய்ந்து, "சயாவுக்கு இவ்வளவு நல்லா இங்கிலீஷ் வரும்னு தெரிஞ்சிருந்தா நான் போட்டிக்கே வந்திருக்க மாட்டேன்" என்றார்.

ஆகவே நீ வானொலிக்காரர்களிடம் கேட்க வேண்டாம், சான்றும் எழுத வேண்டாம், உள்ளே இருக்கும் தாள்களை எங்கும் கொடுத்துவிடாதே. பதினோரு பேரும் இப்போது அந்த அறிவிப்பாளரைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதும்படி சொல்லியிருக்கிறார்கள். அடுத்த உலகக் கோப்பைக்கும் அவரையே போட வேண்டுமாம். நாளை காலை ஆறரைக்குள் அவர் பெயர் என்ன என்று நான் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒன்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனால் நம்பும்படியான அமெரிக்கப் பெயர்களாக ஐந்தாறு எழுதி அனுப்பிவை, இனிமேல் தேவைப்படும் போலிருக்கிறது.