சராசரியில் ஆறிப்போன எரிமலை

"இந்தச் சிவப்பு ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

செயற்கைக்கோள் அனுப்பிய வெப்பப்படத்தில், எரிமலையின் தெற்குச் சரிவில் ஒரே ஒரு புள்ளி தகதகவென்று எரிந்தது.

"அங்க முந்நூத்தி நாப்பது டிகிரி சார். ஏறிக்கிட்டே போகுது. அடிவாரத்து ஜனங்களை வெளியேறச் சொல்லி இன்னிக்கே அறிவிக்கணும்," என்றார் ஆய்வாளர். அந்த ஜனங்களில் அவருடைய அக்கா குடும்பமும் உண்டு.

"மத்த இடமெல்லாம்?"

"சாதாரணமாத்தான் இருக்கு."

"அப்போ மொத்த மலைக்கும் சராசரி போடுங்க."

போட்டார். இருபத்தாறு வந்தது.

"என் ரூமே இருபத்தெட்டுய்யா! என்னையும் வெளியேறச் சொல்லுவீங்களா?"

கையில் அதிகாரம் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பார் ஆய்வாளர். "சட்டையில தீப்பிடிச்சா, பேண்ட்டையும் சேர்த்தா சார் சராசரி பார்ப்போம்?"

"விஞ்ஞானத்துல உணர்ச்சிவசப்படக் கூடாது. நேர்ல ஆள் அனுப்பி அளங்க."

மறுநாள் காலை மலையிலிருந்து உதவியாளர் போன் செய்தார். "சார், வெடிப்புக்குள்ள விட்ட கருவி உருகிப்போச்சு!"

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆய்வாளர் அதை அப்படியே அறிக்கையாக எழுதி நீட்டினார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"சரி, உருகிடுச்சு. அளவு எவ்வளவு?"

"கருவியே இல்ல, அளவு எங்கேர்ந்து சார் வரும்?"

'வெப்ப அளவு: ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் இயக்குநர்.

ஆய்வாளருக்குக் காதுமடல் வரை சூடேறியது. "படத்தையாவது இணையதளத்துல போட விடுங்க சார். ஜனங்களே பார்த்து முடிவு பண்ணட்டும்!"

"தாராளமா. ஆனா சிவப்பு பீதியைக் கிளப்பும். நீலமா மாத்திப் போடுங்க."

ஏதோ ஒன்று வெளியே போனால் போதுமென்று மாற்றிப் போட்டார். அரை மணி நேரத்தில் அக்கா அழைத்தாள்.

"டேய் தம்பி, மலை நல்லா ஜில்லுன்னு இருக்காமே! உங்க ஆபீஸ் படத்தைப் பார்த்துட்டு, உன் அத்தான் சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போறாராம். நடுவுல கருநீலமா ஒரு புள்ளி தெரியுதே, அங்க ஊற்று இருக்கும்ங்கறார்."

"ஐயோ அக்கா, அதுதான் இருக்கறதுலயே கொதிக்கற இடம்! உடனே எல்லாரும் கிளம்பி இங்க வாங்க!"

"கவர்மெண்ட் படம் பொய் சொல்லுமா? நீ சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளிடா," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஆய்வாளர் தட்டாமலே இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். "என் வேலை போனாலும் பரவாயில்ல. அறிவிப்புல இப்பவே கையெழுத்துப் போடுங்க!"

"அஞ்சு மணிக்குப் பார்க்கலாம். கமிட்டி கூடணும்."

"எந்தக் கமிட்டி?"

"அதை முடிவு பண்ணவும் ஒரு கமிட்டி வேணுமே!"

ஆய்வாளர் வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்தபடி படிகளில் பாய்ந்து இறங்கினார். வாசலில் அலுவலக வேன் நின்றது. ஓட்டுநர் தூசி படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அடிவாரத்துக்கு விடுங்கண்ணே! எங்க அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வரணும்!"

"ஏறுங்க சார், நானும் அங்கதான் போறேன்," என்றார் ஓட்டுநர். "நேத்து காலையிலேர்ந்து அடிவாரத்துல இருக்கற இயக்குநர் ஐயா வீட்டைத்தான் காலி பண்ணிக்கிட்டு இருக்கேன். இன்னும் பீரோவும் கட்டிலும்தான் பாக்கி. அது வர்றதுக்குள்ள அறிவிப்புப் போட்டா ரோடெல்லாம் ஜாம் ஆயிடும்னு, அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காராம்!"