முட்டைக்கண் முகுந்தனின் கடைசிப் படம்

புக்கிட் பாத்தோக்,
வியாழன் பிற்பகல்.

அன்பும் மரியாதையும் குறையாத மைத்துனர் பாலகிருஷ்ணன் அவர்களுக்கு, அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கண்மணியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கண்மணி நலம். என்னைப் பற்றி நாளைக் காலைதான் தெரியும்.

விஷயம் இதுதான் மச்சான். ஞாயிற்றுக்கிழமை நம் மகள் மோகனப்பிரியாவுக்கும் அகிலனுக்கும் நடக்கவேண்டிய நிச்சயதார்த்தம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் நான். அகிலனின் அப்பா ரத்னவேல், நகைச்சுவை நடிகர் முட்டைக்கண் முகுந்தனுக்கு முப்பது வருட ரசிகர். சம்பந்தி ஆகப்போகிறவன் என்று என்னையும் ரசிகர் மன்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். சேர்த்ததோடு விட்டாரா? முகுந்தனின் ஒன்பது படங்களையும் மோசமானதில் தொடங்கிச் சிறந்ததுவரை வரிசைப்படுத்தி எல்லோரும் அனுப்பவேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் பஸ் ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை, ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்பதையும் பார்த்தேன். ‘ஈர விறகு இன்ஸ்பெக்டர்’ நிஜமாகவே நல்ல படம், அதற்குத்தான் முதலிடம் வைத்திருந்தேன். ‘ஏழாம் நம்பர் எருமை’ பரவாயில்லை. ‘மாமனாரும் லிஃப்டும்’ படத்தில் ஒருமுறை சிரித்தேன். ‘பூட்டிய வீட்டில் பாயசம்’ இருக்கிறதே, அதைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு தைலப் புட்டி காலி.

இன்று காலை, ஒவ்வொரு படமாக அனுப்பலாம் என்று கடைசி இடம் பிடித்த பாயசத்தில் தொடங்கினேன். மாமியாருக்குப் பயந்து முகுந்தன் செத்தவர்போல் மாலையோடு படுத்திருப்பாரே, அந்தக் காட்சியைப் போட்டு, கீழே ‘முகுந்தனின் கடைசிப் படம். மனசு தாங்கவில்லை’ என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டு, எட்டாம் இடத்தை யோசிக்கக் காப்பிக்கடைக்கு இறங்கினேன். திரும்பி வந்தால் குழுவில் அறுபத்து நான்கு கும்பிடு. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒருவர், மெழுகுவத்தி ஏற்றி ஒருவர். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யார் போனது என்று மேலே தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே நான் அனுப்பியதுதான் இருந்தது.

உடனே போன். ரத்னவேல் அழுகிறார்.

“சம்பந்தி, அண்ணன் போய்ட்டாரு. நம்மளயெல்லாம் சிரிக்க வச்ச மனுஷன் லா. இந்த நேரத்துல நிச்சயதார்த்தம் எப்படி வைக்கிறது? எனக்கு மனசு வரல. ஒரு வருஷம் போவட்டும்.”

உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “இல்ல சம்பந்தி, அவரு...” என்றேன்.

“தெரியும், உங்களுக்கும் எவ்ளோ வேதனைன்னு மெசேஜ்லயே தெரியுது” என்றார்.

“ஆமா, ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் பாயசம் படத்தின் இடைவேளையில்தான் அவர் தன் மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டாராம். பதினோரு தடவை பார்த்திருக்கிறார். கண்புரை ஆபரேஷன் செய்து ஒரு கண்ணில் கட்டு, மற்றது மங்கல், அதனால் எழுத்தைப் போன் படித்துச் சொல்ல, படத்தில் மாலை மட்டும் தெரிந்திருக்கிறது. நாளைக் காலை கட்டைப் பிரிக்கிறார்கள். பிரித்ததும் நான் அனுப்பிய படத்தைத்தானே எடுத்துப் பார்ப்பார்? முகுந்தன் செத்தார் என்றால் நிச்சயதார்த்தம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். சாகவில்லை, உங்கள் படத்துக்குத்தான் கடைசி இடம் கொடுத்தேன் என்றால் சம்பந்தமே முறியும்.  மோகனப்பிரியா தானாகப் பிடித்துப்போய் நம்மிடம் வந்து சொன்ன பையன். அப்பாவால் கெட்டுப்போனது என்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகவே நீங்கள் இன்று மாலையே உட்லண்ட்ஸிலிருந்து கிளம்பி ரத்னவேல் வீட்டுக்குப் போகவேண்டும். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டார். முகுந்தன் சுகமாக இருக்கிறார் என்றும், ‘கடைசி’ என்று நான் எழுதியது ‘கடைசிவரை நிலைத்து நிற்கும்’ என்ற பொருளில் என்றும் பக்குவமாகச் சொல்லுங்கள். போனில் பேசினால் கண்மணி காதில் விழும் என்பதால் இந்தக் கடிதத்தை ஒட்டி மோகனப்பிரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு ஞாயிற்றுக்கிழமைவரை ஆயுளையும் தரட்டும்.

இப்படிக்கு,
அங்கமுத்து

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் மோகனப்பிரியா பிடுங்கிப் படித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். “நிச்சயம் நின்னா நிக்கட்டும்ப்பா. கவர்ன்மென்ட் வீட்டுக்கு அப்ளை பண்றதுக்காக நாங்க பிப்ரவரிலயே ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டோம். உங்ககிட்ட சொன்னா நல்ல நாள் பாக்க ஆரம்பிச்சிருப்பீங்க லா” என்கிறாள். எனக்குக் கோபம் வருகிறதா, நிம்மதி வருகிறதா என்றே புரியவில்லை. சாட்சிக் கையெழுத்து போட்டது யார் என்று கேட்டேன். ஒன்று அகிலனின் நண்பன் ஷாஹித். இன்னொன்று நீங்கள். ரத்னவேல் வீட்டுக்கு அப்புறம் போகலாம் மச்சான், முதலில் இங்கே வாருங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட கண்மணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.